நோயோடும் நிறைவாழ்வு

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. பள்ளிச் சுவர்களில் அதை எழுதி வைத்திருக்கிறோம். கட்டுரைப் போட்டிகளில் முதல் வரியாக வைத்துப் பரிசும் பெற்றிருக்கிறோம். ஆறாம் வகுப்பில் நானும் அப்படித்தான் ஒரு பரிசு வாங்கினேன். அடுத்த ஆண்டே அந்தப் பழமொழி என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது. நோயற்ற வாழ்வுதான் செல்வம் என்றால், நோயோடு வாழ வேண்டியவர்கள் எல்லாம் ஏழைகளா? தீராத நோய் ஒன்று வந்துவிட்டால் அதன்பின் வாழ்வது வாழ்வாகாதா?

ஐந்து ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு வாழ்ந்திருக்கிறேன். பள்ளியை விட்டுச் செல்லுமுன், நான் கண்ட விடையைத் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் சொல்லிவிட்டுப் போக விரும்புகிறேன். எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இந்த ஒரு வரியை எழுத எங்கள் வீட்டாருக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்த மூன்று ஆண்டுகளில் நான் பட்டதுதான் இக்கட்டுரையின் பொருள்.

2019 டிசம்பர் மாதம், ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. அப்போது எனக்கு ஓயாத தாகம். ஒரு குடம் தண்ணீர் குடித்தாலும் நா வறளும். தேர்வு எழுதும்போதே மூன்று முறை எழுந்து வெளியே போக நேர்ந்தது, தோழியர் சிரித்தார்கள். நன்றாகச் சாப்பிட்டும் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. "வளர்கிற பிள்ளை, இளைக்கத்தான் செய்யும்" என்றார்கள். கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு வாந்தியும் மூச்சிரைப்புமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். அங்கேதான் உண்மை தெரிந்தது.

சர்க்கரை நோயில் முக்கியமாக இரு வகை உண்டு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இரண்டாம் வகை. அவர்கள் உடலில் இன்சுலின் சுரந்தாலும் அது சரிவரப் பயன்படுவதில்லை, அல்லது போதுமானதாக இல்லை. எனக்கு வந்தது முதல் வகை. நம்மைக் காக்க வேண்டிய உடலின் எதிர்ப்பு ஆற்றலே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லையேல் உண்ட உணவின் சர்க்கரை உடலுக்குப் பயன்படாமல் இரத்தத்திலேயே தேங்கி நிற்கும். எனவே வாழ்நாள் முழுதும் ஊசி மூலம் இன்சுலின் ஏற்றியாக வேண்டும். மருத்துவர் என் தாயிடம் சொன்ன சொற்கள் இன்னும் நினைவிருக்கின்றன: "இது இனிப்புத் தின்றதால் வந்ததும் இல்லை, யாரிடமிருந்தும் ஒட்டிக்கொண்டதும் இல்லை. நீங்களும் தப்புச் செய்யவில்லை, பிள்ளையும் தப்புச் செய்யவில்லை."

வீட்டுக்கு வந்ததும் என் அப்பாயி வாசற்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "பொம்பளப் புள்ளைக்கு ஊசி போடுறது வெளியில தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டிக்குவான்? மூச்சு விடக்கூடாது." அப்பாயி என்னை வெறுத்துச் சொல்லவில்லை. என்மேல் உயிரையே வைத்திருப்பவர் அவர். அந்த அன்பினால்தான் அப்படிச் சொன்னார். அன்றிலிருந்து என் நோய் எங்கள் வீட்டு இரகசியம் ஆயிற்று.

இந்நோய்க்கு மருந்து பாதி, அளவு பாதி. எவ்வளவு உண்கிறோம், எப்போது உண்கிறோம், எவ்வளவு ஓடியாடுகிறோம், எவ்வளவு இன்சுலின் ஏற்றுகிறோம் என்னும் நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மறைக்கிறவர் அளக்க முடியாது. நான் சொல்ல வந்த கருத்தெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

எப்படி என்று கேட்பீர்கள். உறவினர் திருமணத்தில் பந்தியில் அமர்கிறோம். பாயசம் வருகிறது. வேண்டாம் என்றால் "ஏன், உடம்புக்கு என்ன?" என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால் குடித்துவிடுவேன். இரவில் சர்க்கரை ஏறித் தலை சுற்றும். பள்ளியில் பதினொரு மணிக்கு நான் ஏதாவது சாப்பிட வேண்டும். வகுப்பு நடுவில் உண்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உண்ணாமல் இருப்பேன். ஒரு கோடையில் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டி பழுதாயிற்று. பிரிக்காத இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் நல்ல பெட்டி இருந்தது. ஆனால் கேட்டால் தெரிந்துவிடுமே! ஈரத்துணி சுற்றிய மண்கலத்தில் மருந்தை வைத்துவிட்டு, மூன்று நாள் என் தாய் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நோய் என்னைப் படுத்தியது கொஞ்சம். அதை ஒளித்து வைக்க நாங்கள் பட்ட பாடுதான் அதிகம்.

இப்படி ஒளித்ததன் விலையை 2022 ஆகஸ்டு மாதம் கொடுத்தேன். அப்போது பத்தாம் வகுப்பு. சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அன்று காலை ஊசி போட்டுக்கொண்டபின், வேன் சீக்கிரம் வந்துவிட்டதால் நான்கு இட்லியில் இரண்டை வைத்துவிட்டு ஓடினேன். வெயிலில் ஒரு மணி நேரம் நடை. கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, கண் மங்கியது. இரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். சட்டைப் பையில் மிட்டாயும் இருந்தது. வரிசையில் நின்று மிட்டாய் தின்றால் எல்லாரும் பார்ப்பார்களே என்று கை பைக்குள் போகவில்லை. அடுத்து நான் கண் விழித்தது மருத்துவமனையில்.

தோழியர் என்னை நிழலுக்குத் தூக்கிச் சென்றார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், விசிறினார்கள். அவர்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு வேண்டியது சர்க்கரை என்பது அந்த மைதானத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஏன் தெரியாது? நாங்கள் சொல்லவில்லை. என்னைச் சுற்றி நாற்பது பேர் இருந்தும் நான் தனியாகத்தான் விழுந்தேன்.

அதே ஆகஸ்டு மாதத்தில், சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒன்றைப் பின்னர் படித்தேன். அமெரிக்க நாட்டு வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் எவான்ஸ் ஹியூஸ் என்பவரின் மகள் எலிசபெத். 1919இல், தன் பதினோராம் வயதில் அவளுக்கு என் நோயே வந்தது. அன்று மருந்து இல்லை. உணவை மிகக் குறைத்து உயிரை நீட்டுவது ஒன்றே மருத்துவர்கள் அறிந்த வழி. மூன்று ஆண்டுகள் அரைப் பட்டினி கிடந்து, பதினைந்து வயதை எட்டும்போது ஏறக்குறைய 20 கிலோ எடையே இருந்தாள். 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் ஆராய்ச்சியால் இன்சுலின் கண்டறியப்பட்டது. 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலில் செலுத்தப்பட்டது. அந்த ஆகஸ்டில் எலிசபெத்தைப் பான்டிங்கிடம் அழைத்துச் சென்றார்கள். அவள் பிழைத்தாள், கல்லூரியில் படித்தாள், மணந்து மூன்று மக்களைப் பெற்றாள், 1981இல், தம் 73ஆம் வயதில் காலமானார். அதுவரை அவர் ஏற்றிக்கொண்ட ஊசிகள் நாற்பதாயிரத்துக்கும் மேல்.

எலிசபெத் தம் நோயை மிகச் சிலருக்கே சொல்லி, மற்றவர்களிடம் மறைத்தே வாழ்ந்தவர். "பார்த்தாயா, மறைத்தும் நன்றாக வாழலாமே!" என்று யாரேனும் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அவர் அமைச்சர் மகள். உடன் இருந்து கவனிக்கத் தாதியும், வேண்டும்போது மருத்துவரும் அவருக்கு இருந்தார்கள். நமக்குத் தாதி யார்? பக்கத்து இருக்கைத் தோழிதான். நமக்குக் காவல் யார்? வகுப்பாசிரியைதான். அவர்களிடமே மறைத்தால் யார் நம்மைக் கவனிப்பார்கள்?

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மறுநாள் என் தாய் பள்ளிக்கு வந்து தலைமைச் சகோதரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கண்டிப்பார்களோ என்று நான் வெளியே நடுங்கிக்கொண்டு நின்றேன். சகோதரி கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவு நாள் ஏன் அம்மா எங்களை நம்பவில்லை?" அன்றே ஒரு குளுக்கோஸ் டப்பா அலுவலகத்துக்கும் இன்னொன்று என் வகுப்பு அலமாரிக்கும் வந்தது. உடற்கல்வி ஆசிரியைக்கும் தெரிவிக்கப்பட்டது. மருத்துவர் ஊசி முறையை மாற்றியபோது, மதிய ஊசிக்கு ஓய்வறையில் ஓர் இடமும் கிடைத்தது. வகுப்பில் இரண்டொருவர் "ஒட்டுமா?" என்று கேட்டார்கள். ஒட்டாது என்றேன். ஒரு வாரம் பேசினார்கள், பிறகு மறந்தார்கள். மூன்று ஆண்டுகளாக நாங்கள் அஞ்சிய பேச்சு அவ்வளவுதான்!

சொல்லிய பிறகுதான் எங்கள் வீட்டில் உண்மையான உணவுமுறை தொடங்கிற்று. சோற்றுக் கரண்டி ஒன்றில் எவ்வளவு எடை என்று அறிய, என் தாய் சோற்றைப் பாத்திரத்தோடு தெருமுனை மளிகைக்கடைத் தராசுக்கே கொண்டு போனார். கடைக்காரர் காரணம் கேட்க, மறைக்காமல் சொன்னார். "நானும் பத்து வருஷமா மாத்திரை போடுறேன், என் கரண்டியையும் நிறுத்துப் பாக்கணும் போலிருக்கே" என்றாராம் அவர்.

நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அது தெரிந்தால் அதற்கேற்ப மருந்தை அளக்கலாம். எனவே எனக்குச் சோறு விலக்கப்படவில்லை, அளக்கப்படுகிறது. தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பகுதி பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஒன்று. மீதிக் கால் பகுதி சோறோ சப்பாத்தியோ. வீட்டில் எல்லாரும் இதையே உண்கிறோம். எனக்கெனத் தனிச் சமையல் கிடையாது. ஒருத்தியின் நோய் ஐந்து பேருக்கும் நல்ல உணவைக் கற்றுக் கொடுத்தது எனலாம்.

இங்கே சில தவறான எண்ணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருப்பட்டியும் தேனும் சர்க்கரையை ஏற்றா என்பார்கள், ஏற்றும். கேழ்வரகும் கோதுமையும் எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை என்பார்கள். அவற்றிலும் பெரும்பகுதி மாவுச்சத்தே. கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் விரைவில் சர்க்கரை ஏறும். பாகற்காய்ச் சாறு குடித்தால் ஊசியை விட்டுவிடலாம் என்பார்கள். இது எல்லாவற்றிலும் கொடியது. முதல் வகை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும். பாகற்காய் நல்ல கறி. ஆனால் அது இன்சுலின் ஆகாது.

கட்டுப்பாட்டை நான் தண்டனையாக எண்ணிய காலமும் உண்டு. ஒரு தவக்காலத்தில் தோழியர் ஒருசந்தி இருந்தபோது என்னால் இயலவில்லையே என்று அழுதேன். நோயாளிகளைத் திருச்சபை நோன்புக்குக் கட்டாயப்படுத்துவதில்லை என்று விளக்கிய சகோதரி ஒருவர், "அவர்களுக்கு ஒறுத்தல் சாப்பிடாமல் இருப்பது. உனக்கு ஒறுத்தல் மணி தவறாமல், அளவு தவறாமல் சாப்பிடுவது. எது கடினம் என்று நீயே சொல்" என்றார். அதன்பின் நான் அழவில்லை.

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்து, நம்மைப் போலவே கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர் சோனியா சோட்டோமயோர். ஏழு வயதில் அவருக்கு இந்நோய் கண்டது. ஊசி போடுவது யார் என்று பெற்றோர் சச்சரவிட்டதைக் கேட்ட அச்சிறுமி, தானே ஊசியைக் கொதிநீரில் இட்டுத் தானே போட்டுக்கொள்ளக் கற்றாள். 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அவரும் நெடுங்காலம் தம் நோயைப் பிறரிடம் சொல்லாமல் இருந்து, பின்பு வெளிப்படையாகப் பேசத் தொடங்கியவரே. தன்னைத் தானே கவனிக்கக் கற்ற கைகளுக்கு உயர்ந்த பதவியையும் தாங்கும் வலிமை உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பெற்றோரே, உங்களிடம் பணிவோடு ஒன்று கேட்கிறேன். மகனுக்கு இந்நோய் வந்தால் "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்கிறீர்கள். மகளுக்கு வந்தால் "யாரிடமும் சொல்லாதே" என்கிறீர்கள். திருமணத்தை எண்ணித்தானே? மறைத்துச் செய்யும் திருமணத்தில், புகுந்த வீட்டில் அவள் எங்கே ஒளிந்து ஊசி போடுவாள்? பந்தியில் வைத்த பாயசத்தை எப்படி மறுப்பாள்? ஒளித்து அனுப்பினால் அவளோடு ஒரு பொய்யையும் சேர்த்து அனுப்புகிறீர்கள். நாள்தோறும் அந்தப் பொய்யைக் காக்க அவள் உடல்தான் விலை கொடுக்கும். உண்மை அறிந்தபின் வேண்டாம் என்பவர் போகட்டும். அறிந்தும் வருபவரே வரட்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளோர் ஏறக்குறைய 10.1 கோடிப் பேர் என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அப்படியெனில் நம் ஒவ்வொரு தெருவிலும், ஏன், பல வீடுகளிலும் அது இருக்கிறது. ஆனால் நம் தாய்மார் தம் களைப்பையும் தாகத்தையும் யாரிடம் சொல்கிறார்கள்? எல்லாரும் உண்டபின், மூன்று மணிக்கு, மிஞ்சியதை உண்கிறார்கள். என் உணவைக் கிராம் கணக்கில் அளக்கும் என் தாய், தமக்கு ஒரு நாளும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டதில்லை. நான் பிடிவாதம் பிடித்த பிறகே செய்துகொண்டார். தன்னைப் பேணுதல் தன்னலம் அன்று. விளக்குக்கு எண்ணெய் வார்ப்பது வீட்டுக்கு ஒளி வேண்டித்தானே!

என் நோயை மறைக்கச் சொன்ன அப்பாயியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் அது நன்றியாகாது. அவருக்கும் பல ஆண்டுகளாகச் சர்க்கரை. 2021இல் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியபின் மாத்திரை வீடு தேடியே வந்தது. ஆனால் 2023இல் காலில் முள் தைத்துப் புண்ணானதை "பிள்ளைகளுக்கு எதுக்குத் தொந்தரவு" என்று பத்து நாள் சேலைக்குள்ளேயே மறைத்துவிட்டார். நீண்ட நாள் சர்க்கரையால் காலில் உணர்வு குறைந்திருந்ததால் வலியும் தெரியவில்லை. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனைக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னய மறைக்கச் சொன்னேன்; நானும் மறைச்சேன். ரெண்டுமே தப்பாப் போச்சு கண்ணு" என்றார். இப்போது இரவு தோறும் அவர் பாதங்களை விளக்கொளியில் நான் பார்க்கிறேன். என் ஊசி நேரத்தை அவர் கடிகாரம் பார்த்துச் சொல்கிறார். கதவு திறந்தே இருக்கிறது.

அன்புத் தோழியரே, நீங்கள் செய்ய வேண்டியது பெரிதன்று. உங்கள் வகுப்பில் என்னைப் போல் ஒருத்தி இருந்தால், இரக்கப்பட வேண்டாம், தெரிந்துகொள்ளுங்கள். அவள் கை நடுங்கி, வியர்த்து, காரணமின்றிச் சினந்து, குழம்பிப் பேசினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோசோ கொடுங்கள். பதினைந்து நிமிடம் உடனிருங்கள். தெளியாவிடில் மீண்டும் கொடுங்கள். நினைவிழந்துவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இந்த நான்கு வரிகளை அன்று ஒருத்தி அறிந்திருந்தால் நான் மைதானத்தில் விழுந்திருக்க மாட்டேன்.

தேர்வு நடத்துவோர்க்கும் ஒரு வேண்டுகோள். முதல் வகை நோயுள்ள மாணவர் தேர்வறைக்குள் சிற்றுண்டி கொண்டு செல்லலாம் என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல் அனுமதித்தது. சிறிய பள்ளித் தேர்வாயினும் பெரிய பொதுத் தேர்வாயினும் அவ்வுரிமை எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும். மூன்று முறை எழுந்து வெளியே போகும் சிறுமியைக் கண்டால் சிரிக்காமல், "என்ன அம்மா?" என்று கேட்கும் ஒருவர் ஒவ்வோர் அறையிலும் வேண்டும்.

நவம்பர் 14ஐக் குழந்தைகள் தினமாகக் கொண்டாடுகிறோம். பான்டிங் பிறந்த அதே நாள்தான் உலக நீரிழிவு தினமும் ஆகும். வரும் நவம்பரில் மிட்டாய் வழங்கும்போது, அதை வாங்கத் தயங்கும் கை ஒன்று உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். அந்தக் கையை மறைக்க விடாதீர்கள்.

நோயற்ற வாழ்வு குறைவற்ற செல்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் நோய் வந்தபின்னும் நாள்தோறும் அளந்து, அறிந்து, அஞ்சாமல் சொல்லி வாழ்கிற வாழ்வும் செல்வமே. அது பிறப்பில் கிடைத்த செல்வம் அன்று. சிறுகச் சிறுகச் சேர்த்த செல்வம்.